சினாம்பா: சேற்றிலிருந்து வயல் எடுப்பது

மிதக்கும் தோட்டம் என்று படித்துவிட்டுத் தெப்பம் கட்டத் தொடங்காதீர்கள். சினாம்பா என்பது ஆழமற்ற ஏரிக்குள் சேற்றைக் குவித்து எழுப்பும் வயல். அது மிதப்பதில்லை, ஏரியின் அடித்தரையில் ஊன்றி நிற்கிறது. மெக்சிகோ நகரின் தெற்கே, சோச்சிமில்கோவில் நான் வேலை பழகிய விதத்தைச் சொல்கிறேன்.

ஆழமற்ற நன்னீர்தான் வேண்டும். உவர்நீரில் இந்த வேலை நடக்காது. இதே பள்ளத்தாக்கிலிருந்த டெஸ்கோகோ ஏரியின் உப்பு நன்னீர்ப் பக்கம் ஏறாதிருக்க, 15ஆம் நூற்றாண்டிலேயே டெஸ்கோகோ நகரின் மன்னர் நெசவால்கோயோட்ல் பெரிய அணை கட்டினார்.

நீளவாக்கில் ஒடுங்கிய பாத்தியாகக் கழிகளை நட்டு, இடையில் நாணல் பின்னுங்கள். உள்ளே நீர்ச்செடிகள் ஓர் அடுக்கு, ஏரிச்சேறு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவாருங்கள். அகலத்தில் பேராசை கூடாது. இருபுறக் கால்வாய்களின் கசிவு வேர் வரை எட்ட வேண்டும். அகன்றால் நடுப்பகுதி காயும். மேடு உயர்ந்தாலும் அதே கதை, தாழ்ந்தால் வேர் அழுகும்.

ஓரத்தில் அவெஹோத்தே போத்துகளை ஊன்றுங்கள். இந்த வில்லோ மரம் நெடுநெடுவென்று வளர்வதால் நிழல் குறைவு. வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும்.

இனி நாற்றங்கால். சினாம்பாவின் உண்மையான சாமர்த்தியம் இங்கேதான் என்பது என் கட்சி. கால்வாய் அடிச்சேற்றை நீண்ட கழியில் கட்டிய பையால் அள்ளித் தோணியில் நிரப்பி, கரையோரம் சில விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். நீர் வடிந்து சற்றே இறுகியதும் கத்தியால் பர்பி போல் சதுரமாகக் கீறுங்கள். மிகவும் காய்ந்துவிட்டால் வெடிக்கும், ஈரமாயிருந்தால் கீறல் மூடிக்கொள்ளும். விரல் அழுத்தினால் குழி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்தக் குழியிலேயே விதையிட்டு, பொடித்த எருவைத் தூவுங்கள். பனிக்காலமானால் மேலே நாணல் மூடாக்கு. இந்தச் சதுரத்தைச் சப்பீன் என்பார்கள். நாற்றை மண்ணோடு பெயர்த்து நடுவதால் வேர் அதிர்வதில்லை. நோஞ்சானை அங்கேயே கழித்துவிடலாம். நாற்று வளரும் வரை வயலில் முந்தைய பயிரும் நிற்கலாம்.

ஆண்டுதோறும் சேறள்ளுவதை விடாதீர்கள். வயலுக்கு உரம், கால்வாய்க்குத் தூர்வாரல், கூலி ஒன்றுதான்.

தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். சோச்சிமில்கோவின் ஊற்றுகளை நகரம் குழாயில் கொண்டுபோய்விட்டது. இப்போது கால்வாய்களுக்கு வருவது பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர். எனவே பச்சையாகத் தின்னும் கீரைக்கு முன்பு பூவில் தொடங்குங்கள். செண்டுமல்லியை ஜூலையில் விதைத்தால் நவம்பர் தொடக்கத்தில் வரும் மெக்சிகோவின் இறந்தோர் நாள் திருவிழாவுக்குச் சந்தைக்கு அனுப்பலாம்.