கதைப்பாடல்களில் காதலையும் வஞ்சகத்தையும் சாதியையும் படித்தறிவது எப்படி?

சாதி கடந்த காதலைப் பற்றித் தமிழில் படிக்க விரும்புவோர் பெரும்பாலும் நாவல்களிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன் மூன்று கதைப்பாடல்களைப் படிக்குமாறு நான் வற்புறுத்திச் சொல்வேன்: முத்துப்பட்டன் கதை, காத்தவராயன் கதை, மதுரைவீரன் கதை. மூன்றிலும் சாதி கடந்த காதல் உண்டு, வஞ்சகம் உண்டு, நாயகனின் சாவும் அவன் தெய்வமாவதும் உண்டு. தனித்தனியே படித்தால் மூன்றும் வீரக்கதைகளாகவே மனத்தில் தங்கும். அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் ஒன்று மறைப்பதை மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

முதலில் பனுவலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பேராசிரியர் நா. வானமாமலை 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையும் காத்தவராயன் கதைப்பாடலும் நல்ல தொடக்கமாகும். அவற்றின் முன்னுரைகளைப் படிக்காமல் பாட்டுக்குள் செல்ல வேண்டாம். அவற்றுடன் ‘பெரிய எழுத்து’ வரிசையில் வந்த மலிவுப் பதிப்பு ஒன்றையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கதைக்கு இரண்டு பாடங்களாவது, அதாவது இரண்டு வடிவங்களாவது, கையில் இல்லாவிட்டால், அடுத்துச் சொல்லப்போகும் வேலை எதையும் செய்ய இயலாது.

படிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, காதலன் உண்மை பேசுகிறானா, பொய் பேசுகிறானா என்பதாகும். முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்னும் அருந்ததியர் குலத்துச் சகோதரியரைக் கண்டு மையல் கொள்ளும் அவன், அவர்களுடைய தகப்பன் வாலப்பகடையின் முன் நின்று, தான் யார், தனக்கு என்ன வேண்டும் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறான். குடுமியையும் பூணூலையும் களைந்துவிட்டுச் செருப்புத் தைக்கும் எங்கள் தொழிலைச் செய்து எங்களில் ஒருவனாக இரு என்று வாலப்பகடை நிபந்தனை விதிக்க, அதையும் வெளிப்படையாகவே நிறைவேற்றுகிறான். காத்தவராயனோ பறையர் வீட்டில் வளர்ந்தவன். பிராமணப் பெண்ணான ஆரியமாலையை நெருங்க அவனுக்கு வேடம் வேண்டியிருக்கிறது. வளையல் விற்கும் செட்டியாக அவன் போகிறான், மாயம் செய்கிறான், அவள் அறியாத நேரத்தில் தாலி கட்டுகிறான். மதுரைவீரனும், தலைவன் பொம்மண நாயக்கனின் மகள் பொம்மி ஊருக்கு வெளியே குடிசையில் ஒதுங்கியிருந்த காலத்தில், தன்னை வளர்த்த அருந்ததியரான சின்னானுக்குப் பதிலாகக் காவலுக்குப் போய்த்தான் அவளைச் சேர்கிறான்.

இதைக் குணவேறுபாடு என்று எடுத்துக்கொண்டால் முத்துப்பட்டன் நல்லவன், காத்தவராயன் கபடன் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் எண்ணினேன். அது பிழையான வாசிப்பு. மேலிருந்து கீழே வருபவன் உண்மையைச் சொன்னால் அவனுக்குக் கிடைப்பது நிபந்தனை; கீழிருந்து மேலே செல்பவன் உண்மையைச் சொன்னால் அவனுக்குக் கிடைப்பது சாவு. எனவே கதையில் பொய் வரும் ஒவ்வோர் இடத்திலும் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: இவன் இங்கே உண்மை சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்தக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், அக்காலச் சமூகத்தில் உண்மை யாருக்குக் கட்டுப்படியானது என்பது துலங்கும். இந்த நியாயத்தைக் காதலனுக்கு வழங்கும்போது பெண்ணை மறந்துவிடக் கூடாது. ஆரியமாலையின் கழுத்தில் தாலி ஏறியபோது அவளுடைய சம்மதம் எங்கே இருந்தது என்பதை அதே ஓரத்தில் எழுதியாக வேண்டும். ஒடுக்கப்பட்டவனின் தந்திரம் என்பதால் அவளுக்கு இழைக்கப்பட்ட வஞ்சனை இல்லாமற் போய்விடாது.

அடுத்தது, கதைக்குள் இருக்கும் பொய்யை விட்டுவிட்டுக் கதையே சொல்லும் பொய்யைத் தேடுவது. என் கருத்தில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். மதுரைவீரன் காசிராசனின் மகன் என்றும், கொடி சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்பட்டான் என்றும், அவனைச் சின்னானும் செல்லியும் எடுத்து வளர்த்தார்கள் என்றும் கதை தொடங்குகிறது. காத்தவராயனோ சிவபெருமானின் சாபத்தால் மண்ணுக்கு வந்தவன். முத்துப்பட்டன் கதையின் சில பாடங்களில், பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணப் பெண்கள் என்றும், வாலப்பகடை அவர்களைக் கண்டெடுத்து வளர்த்தான் என்றும் சொல்லப்படுகிறது. மூன்று கதைகளிலும் சாதி கடந்த திருமணம் நடக்கிறது. மூன்றிலும் அது உண்மையில் சாதி கடந்ததே அன்று என்று சொல்லத்தக்க பிறப்புக் கதை ஒன்று தைக்கப்பட்டிருக்கிறது. முத்துப்பட்டன் கதையில் இத்தகைய பகுதி பிற்காலச் செருகல் என்று நா. வானமாமலை வாதிட்டார்.

அது ஒட்டுத்தானா என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிறப்புப் பகுதியை ஒரு தாளால் மறைத்துவிட்டு, மீதிக் கதையைப் படியுங்கள். காதல், எதிர்ப்பு, போர், தண்டனை ஆகியவற்றுள் எந்த நிகழ்ச்சியாவது அந்தப் பகுதி இல்லாமல் நிற்க முடியாமற் போகிறதா? மதுரைவீரனின் மாறுகால் மாறுகை வாங்கப்படும் நேரத்தில் அவன் அரசகுமாரன் என்பது அவனைக் காப்பதில்லை. முத்துப்பட்டனின் அண்ணன்மார் அவனைத் தடுத்துக் கல்லால் கட்டிய அறைக்குள் அடைக்கும்போது, அப்பெண்கள் பிராமணர் என்ற செய்தியால் அவனுக்கு எந்தப் பயனும் விளைவதில்லை. கதைக்குள் ஒருவருக்கும் பயன்படாத உண்மை, கதைக்கு வெளியே கேட்பவர்களை அமைதிப்படுத்தவே சேர்க்கப்பட்டது என்று கருத இடமுண்டு. ஆயினும், எல்லா ஒட்டையும் மேல்சாதியாரின் சதி என்று எழுதிவிட வேண்டாம். எல்லாச் சாதியாரும் வந்து கும்பிடும் தெய்வமாக ஒருவன் உயரும்போது அவனுக்குத் தெய்வப் பிறப்பைத் தருவது வழிபாட்டின் தேவையாகவும் இருந்திருக்கும்; தங்கள் வீரனுக்கு மதிப்புத் தேடி அவனுடைய சமூகத்தாரே அதைப் பாடியிருக்கவும் கூடும். இன்று அருந்ததியர் எழுத்தாளர்கள் காசிராசன் கதையை மறுத்து மதுரைவீரனைத் தங்கள் மனிதனாக மீட்க எழுதுவதையும் சேர்த்துப் படிப்பது நல்லது. ‘சக்கிலியர்’ என்ற சொல் பாட்டில் வரும் இடத்தில் மேற்கோளாக அதை எழுதலாம். உங்கள் சொந்த வாக்கியத்தில் அருந்ததியர் என்றே எழுதுங்கள்.

சாவை மூன்றாவதாகப் பாருங்கள். முத்துப்பட்டன் சாதி மீறலுக்காகத் தண்டிக்கப்பட்டுச் சாகவில்லை. மாமனாரின் கிடையிலிருந்து மாடு திருட வந்தவர்களுடன் மணக்கோலம் கலையுமுன்பே பொருதச் சென்று, ஒளிந்திருந்த ஒருவனால் வஞ்சகமாகக் குத்தப்பட்டுச் சாகிறான். சகோதரியர் இருவரும் சிங்கம்பட்டி ஜமீன்தாரிடம் அனுமதி கேட்டு அவன் சிதையில் இறங்குகிறார்கள். காத்தவராயன் கழுவில் ஏற்றப்படுகிறான். மதுரைவீரன் அரசாணையால் வெட்டப்படுகிறான். கீழிறங்கிய ஒருவனைக் கொன்றவன் திருடன், மேலே ஏறிய இருவரையும் கொன்றது அரசு. மூன்று கதைகளையும் ஒருசேரப் படிக்கச் சொன்னதற்கு இந்த ஓர் ஒப்பீடே போதிய காரணம்.

இக்கதைகளை வரலாற்றுச் சான்றாக எடுப்போர் ஓர் எச்சரிக்கையை மனத்தில் வைக்க வேண்டும். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார் என்பது வரலாறு; மதுரைவீரன் அவருடைய ஆட்சியில் வாழ்ந்தான் என்பது கதை. பாட்டில் மன்னர் பெயர் வருவதைக் கொண்டு நிகழ்ச்சிக்கு ஆண்டு குறிக்கக் கூடாது. நிபந்தனைகள், தண்டனைகள், அனுமதி கேட்கும் முறை, தொழில்கள், இடப்பெயர்கள் ஆகியவற்றை நம்பிக் குறித்துக்கொள்ளலாம், ஏனெனில் கேட்பவர்கள் அறிந்த உலகத்திலிருந்துதான் புலவர் அவற்றை எடுத்திருப்பார்.

இயன்றால், பாட்டை ஒருமுறையாவது நேரில் கேளுங்கள். நெல்லை, குமரி மாவட்டங்களின் கோவில் கொடை விழாக்களில் முத்துப்பட்டன் கதை வில்லுப்பாட்டாகப் பாடப்படுகிறது. காத்தவராயன் கதையை யாழ்ப்பாணத்தில் சிந்துநடைக் கூத்தாக ஆடுகிறார்கள். கையில் அச்சுப் பனுவலை வைத்துக்கொண்டு, பாடகர் எந்தப் பகுதியை விரித்துப் பாடுகிறார், எதை இரண்டு அடிகளில் கடந்து போகிறார் என்று குறியுங்கள். வாலப்பகடையின் நிபந்தனைப் பகுதி விரிகிறதா, சுருங்குகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கும் ஆடி அமாவாசையை ஒட்டி ஒரு முறை போய்வாருங்கள். அங்கே பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டனுக்கு அடியவர்கள் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள். பிற கோவில்களில் வாசலுக்கு வெளியே கழற்றி வைக்கப்படும் பொருள் இங்கே சந்நிதியில் படைக்கப்படுகிறது. பிறப்புக் கதையை மாற்றிப் பாடியவர்களால் இந்தக் காணிக்கையை மாற்ற முடியவில்லை.