சிறு குழந்தைகளுடன் கடற்கரை ஊருக்குக் குடிபோக இடம் பார்ப்பது எப்படி?

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வாய்ப்பு கிடைத்த பிறகு, அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் குழந்தைகளை வளர்த்துக்கொண்டிருந்த பல குடும்பங்கள் கடற்கரைப் பக்கம் குடிபோவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருக்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் பழவேற்காட்டில் தொடங்கி நீரோடி வரை, இடையில் புதுச்சேரியையும் காரைக்காலையும் சேர்த்து, 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தக் கரை ஊருக்கு ஊர் வேறு குணம் கொண்டது. இடம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தை, மாசி மாதங்களில், விடுமுறை நாளின் மாலையில் போகிறார்கள். அந்த நேரத்தில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ, விடாமல் பெய்த மழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். வீடு எதுவாக இருந்தாலும், எத்தனை பேர் நல்லது சொல்லியிருந்தாலும், இந்த ஒரு பயணத்தைத் தவிர்க்கக் கூடாது.

காரணம் இதுதான்: கடலோரத்தில் வெள்ளம் பெரும்பாலும் கடலிலிருந்து வருவதில்லை, நிலத்தின் பக்கமிருந்து வருகிறது. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்வோம். நீலாங்கரையிலிருந்து தெற்கே போகப் போக, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் இருக்க, நடுவில் ஒரு மணல்மேடு நீண்டு கிடக்கிறது. மேட்டின் மேல் பெய்யும் மழையை மணல் சீக்கிரம் குடித்துவிடும். மேற்கே இறங்கும் தெருக்களோ கால்வாயை நோக்கித் தாழ்ந்திருக்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் உபரி நீர் ஒக்கியம் மடுவு வழியாக அந்தக் கால்வாயில்தான் சேர்கிறது, சேர்ந்த நீர் தெற்கே போய் முட்டுக்காடு, கோவளம் பக்கத்து முகத்துவாரத்தில்தான் கடலைத் தொடுகிறது. புயல் நாளில் கடல் உயர்ந்திருந்தால் அந்த வாய் நீரை வாங்காது. நீர் வந்த வழியே தேங்கி ஏறும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் கடலை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்க முடியாத தெருக்களில் பல நாட்கள் தண்ணீர் நின்றது. சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். மழைக்காலத்தில் இரண்டும் வெவ்வேறு ஊர்கள்.

இதை நேரில் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. காம்பவுண்டுச் சுவரின் அடிப்பகுதியில், தெரு முழுவதும் ஒரே உயரத்தில் ஓடும் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த வீட்டில் தெரியாவிட்டாலும், பக்கத்துக் காலிமனையின் சுவரிலோ டிரான்ஸ்பார்மர் கம்பத்திலோ தெரியும். மின்சார மீட்டர் பெட்டியையும் மோட்டார் சுவிட்சையும் இடுப்புக்கு மேல் உயர்த்தி மாட்டியிருந்தால், பட்ட பிறகுதான் மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள். வீட்டு உரிமையாளரிடமும் புரோக்கரிடமும் கேட்பதைவிட, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் “மிக்ஜாம் புயலப்போ இங்க எது வரைக்கும் தண்ணி வந்துச்சு?” என்று கேளுங்கள். தண்ணீர் தேங்குமா என்று பொதுவாகக் கேட்டால் தேங்காது என்றுதான் பதில் வரும். ஒரு குறிப்பிட்ட மழையைச் சொல்லிக் கேட்டால், எந்தப் படிக்கட்டு வரை வந்தது என்று கையால் காட்டுவார்கள்.

மற்ற மாவட்டங்களிலும் இதே கணக்குதான், ஆற்றின் பெயர் மட்டும் மாறும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டத்துக்கு அது ஓராண்டு மழையைவிட அதிகம். தாமிரபரணியும் சேர்ந்து பெருகியதில் திருச்செந்தூர் வட்டாரமே துண்டிக்கப்பட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை பெய்தது. அதன் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணை வழியாகக் கடலூரைச் சூழ்ந்தது. ஆகவே கடலூரானாலும் நாகப்பட்டினமானாலும், ஆற்று முகத்துவாரத்திலிருந்து வீடு எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கடலின் தூரத்துக்கு முன்னால் கேட்க வேண்டும்.

புயலையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலும் கடந்த பகுதிகளில் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள், சில இடங்களில் வாரங்கள் பிடித்தன. பெரியவர்கள் மெழுகுவர்த்தியோடு சமாளித்துவிடலாம். நெபுலைசர் தேவைப்படும் குழந்தையோ புட்டிப்பால் குடிக்கும் குழந்தையோ இருக்கும் வீட்டில் அது வேறு விஷயம். ஊரில் புயல் பாதுகாப்பு மையம் எங்கே இருக்கிறது, மொட்டை மாடிக்கு உள்ளிருந்தே படி உண்டா, தெருவுக்குப் புதைவட மின்கம்பி வந்துவிட்டதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 2004 ஆழிப்பேரலையின் நினைவு பலருக்கும் பெரிய தயக்கமாக இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது; நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அதே மாவட்டத்தின் நாலுவேதபதியில், 2002இல் ஊரார் நட்டு வளர்த்த சவுக்குத் தோப்பு அலையின் வேகத்தைப் பெருமளவு தாங்கிக்கொண்டது. மணல்மேடும் தோப்பும் அலையாத்திக் காடும் கலையாமல் இருக்கும் கரையைத் தேர்ந்தெடுங்கள். கடல் தெரிய வேண்டும் என்று மேட்டைச் சமன் செய்து கட்டிய வில்லாக்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

கரையே நிலையானதா என்பது அடுத்த கேள்வி. நம் கிழக்குக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அதன் குறுக்கே துறைமுகச் சுவர் கட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு நகரின் கடற்கரை மணல் காணாமல் போனதும், பாறைகளைக் கொட்ட வேண்டி வந்ததும், அரிப்பு வடக்கே மீனவர் குடியிருப்புகள் வரை ஏறியதும் இப்படித்தான். எனவே வரைபடத்தை விரித்து, நீங்கள் பார்க்கும் ஊருக்குத் தெற்கே அருகில் துறைமுகமோ நீண்ட கல்சுவரோ இருக்கிறதா என்று பாருங்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் கடல் ஊருக்குள் ஏறுவதும், மக்கள் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்தடுப்பு) கேட்டுப் போராடுவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. அங்கே கடலை ஒட்டிய முதல் வரிசை வீடுகளைத் தவிர்த்துவிடுவது நல்லது.

குடிநீருக்கு வருவோம். கடலோர நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சினால் உப்பு நீர் உள்ளே வந்துவிடும். போன ஆண்டு நன்றாக இருந்த போர்வெல் இந்தச் சித்திரையில் கரித்துப்போவது சாதாரணம். வீடு பார்க்கும்போது சமையலறைக் குழாயின் வாயைத் தடவிப் பாருங்கள், வெள்ளைப் படிவு கையில் ஒட்டும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகுமா என்று குடியிருக்கிறவர்களிடம் கேளுங்கள். இந்தியத் தர நிர்ணய அளவின்படி குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது உச்ச வரம்பு. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். கோடையின் இறுதியில் எடுத்த மாதிரிதான் உண்மையைச் சொல்லும். கொதிக்க வைப்பதால் கிருமிதான் போகும், உப்பு போகாது, நீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும் என்பதைப் புட்டிப்பால் கலக்கும் பெற்றோர் அவசியம் நினைவில் வைக்க வேண்டும். நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்குகிறது என்பதற்காக, அதற்கு அருகில் இருக்கும் ஒவ்வொரு தெருவுக்கும் குழாய் வந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். லாரித் தண்ணீரின் மாதச் செலவை வாடகையோடு கூட்டிப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

மருத்துவமனை விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். இரவு இரண்டு மணிக்கு ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மூச்சுத் திணறினால், குழந்தை மருத்துவர் உள்ள இடத்துக்கு அரை மணி நேரத்தில் போய்ச் சேர முடியாத ஊர், மற்ற எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்தாலும், குழந்தை வளரும் வரை வேண்டாம். புதுச்சேரியில் ஜிப்மர் இருப்பது பெரிய பலம். நாகர்கோவிலை ஒட்டி ஆசாரிப்பள்ளத்தில் குமரி மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாகப்பட்டினத்தின் புதிய அரசு மருத்துவக் கல்லூரி ஊருக்குள் இல்லை, ஒரத்தூரில் இருக்கிறது. ராமேசுவரத்தில் குடியேறினால் பெரிய சிகிச்சைக்குப் பாம்பன் பாலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். பெயர்ப்பலகையை நம்பாமல், இரவுப் பணியில் குழந்தை மருத்துவர் இருக்கிறாரா என்று அந்த மருத்துவமனைக்கே இரவில் போன் செய்து கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கடல். சென்னை முதல் கடலூர் வரையிலான கடல் பார்வைக்கு மென்மையானது, கால் வைத்தால் சரிவானது. அலை எங்கும் நுரைத்து உடையும்போது ஓரிடத்தில் மட்டும் உடையாமல், நீர் சற்றுக் கருத்து வழவழப்பாக, மணல் கலங்கிய நிறத்தில் கடலை நோக்கி ஓடுவதைக் கரையில் நின்று பத்து நிமிடம் கவனித்தால் காணலாம். அலை இல்லையே என்று பெற்றோர் குழந்தையை இறக்கிவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கரைக்கு வந்த நீரெல்லாம் சேர்ந்து திரும்பும் இழுவை ஓட்டம் அது. கல்சுவர்களை ஒட்டியும் இப்படி ஓடும். குமரிக் கடலில் கள்ளக்கடல் என்ற ஆபத்து தனியாக உண்டு: தெற்கே வெகுதொலைவில் எழுந்த பேரலைகள், இங்கே காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் அங்கே ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். ஆழம் போய் நீந்தியவர்கள் அல்லர் அவர்கள். இதற்கு மாறாக, பாக் நீரிணைப் பக்கம், தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடகரை ஆகிய இடங்களில் கடல் ஆழமற்று, ஏரிபோல் அடங்கியிருக்கும். ராமேசுவரம் வட்டாரத்தில் அதைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்த வடகரையும் சீறும். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு ஏற்ற கடல் எது என்று கேட்டால், நான் பாக் நீரிணைப் பக்கத்தைத்தான் சொல்வேன்; ஆனால் அந்தப் பகுதிகளில் குடிநீரும் மருத்துவமனையும் எளிதாக அமைவதில்லை.

எந்த ஊரானாலும், குழந்தை கடலைவிட அடிக்கடி சந்திக்கப்போவது சாலையைத்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வார இறுதிகளில் வாகனங்கள் பறக்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கோ கடற்கரைக்கோ போக அந்தச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால், வேறு வீடு பாருங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரையும், கன்னியாகுமரியில் சபரிமலைக் காலத்திலும் ஊர் நிரம்பி வழியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றின் தூய்மையை ஊரின் அழகை வைத்து மதிப்பிட முடியாது. எண்ணூரில் 2023 டிசம்பரில் மட்டும் எண்ணெய்க் கசிவும் அமோனியாக் கசிவும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை, தூத்துக்குடியின் அனல் மின் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து காற்று எந்தத் திசையில் எந்த மாதங்களில் வீசுகிறது என்று கேட்டு, அதன் எதிர்ப்பக்கத்தில் வீடு தேடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே ஒருமுறை நின்று முகர்ந்து பார்ப்பது பயனுள்ளது.

பள்ளியைப் பொறுத்தவரை ஒரே ஒரு எச்சரிக்கை: புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, சில ஆண்டுகளில் தமிழகத்துக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

போய்ச் சேரும் கடற்கரை மீனவர்களின் பணியிடம் என்பதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். வலை உலரும் மணலில் ஓடக் கூடாது, கரையேற்றிய படகில் கேட்காமல் ஏறக் கூடாது. குப்பத்து மக்களோடு பழகும் குடும்பத்துக்குத்தான் இன்றைக்குக் கடல் சரியில்லை என்ற செய்தி முதலில் வந்து சேரும். எந்தச் செயலியையும்விட அந்தச் சொல்லை நான் நம்புவேன்.

இடம் பிடித்துப்போனாலும் உடனே வாங்க வேண்டாம். ஆனி, ஆடியில் குடிபோகும்படி பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் போட்டால், ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு கோடையையும் அதே வீட்டில் பார்த்துவிடலாம். ஜன்னல் கம்பியும் கூரைக் கம்பியும் துருப்பிடிக்கும் வேகம், குழந்தை வேர்க்குருவைத் தாங்குகிறதா, இரவில் மின்சாரம் அடிக்கடி போகிறதா என்பவையெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு வாங்குவதானால், உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஓதத்தின்போது நீர் ஏறும் எல்லையிலிருந்து) 500 மீட்டர் வரையுள்ள நிலமும், உப்பங்கழி, முகத்துவாரம் ஆகியவற்றை ஒட்டிய நிலமும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு உட்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டருக்குள் புதிய வீட்டுக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. மக்கள் நெருக்கமான கிராமங்களுக்கு மட்டும் 2019ஆம் ஆண்டு அறிவிக்கை இதை 50 மீட்டராகக் குறைத்தது. பத்திரமும் பட்டாவும் சரியாக இருப்பதாலேயே அங்கே கட்டலாம் என்று ஆகாது. முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்தச் சர்வே எண் கடலோர மேலாண்மை வரைபடத்தில் எந்த மண்டலத்தில் விழுகிறது என்று மாவட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.