கவுனை முதலில் வாங்காதீர்கள்: ரெனசான்ஸ் ஃபேருக்கு உடுத்தும்போது நடக்கும் தவறுகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கட்டில் நிறைய லினன் துணியும் நாடாவும்தான் பரந்து கிடக்கும். ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷன் என்ற சின்ன ஊரில் 1974 முதல் டெக்சஸ் ரெனசான்ஸ் ஃபெஸ்டிவல் நடக்கிறது. ரெனசான்ஸ் ஃபேர் என்பது பழைய ஐரோப்பிய உடைகளில் மக்கள் கூடும் சந்தைத் திருவிழா. 1963ல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட நடத்திய சந்தையில் ஆரம்பித்த வழக்கம் இது. இன்று அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. தேவதை, கடற்கொள்ளையர் என்று எந்த வேடத்திலும் வரலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் முதலாம் எலிசபெத் அரசி காலத்து இங்கிலாந்து உடையை அடுக்கடுக்காக உடுத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால், அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆண்டுதோறும் வண்டி நிறுத்தும் மைதானத்தில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கும் மேல் ஒரே இடத்தில் தொடங்குகின்றன: கண்ணுக்குத் தெரியும் மேலுடையை முதலில் வாங்கிவிட்டு, உள்ளே போடுவதைக் கடைசியில் யோசிப்பது.

உள்ளே முதலில் வருவது ஸ்மாக். முழங்காலுக்குக் கீழே தொங்கும், தொளதொளவென்ற லினன் உள்ளங்கி. ஆண்களுக்கு அதே இடத்தில் லினன் சட்டை. "இந்த வெயிலில் இது வேறயா?" என்று பலரும் இதைத்தான் தவிர்க்கிறார்கள். அந்தக் காலத்தில் கம்பளி, பட்டு மேலுடைகளை அடிக்கடி துவைக்க மாட்டார்கள். வியர்வையையும் அழுக்கையும் வாங்கிக்கொள்வது ஸ்மாக்கின் வேலை; துவைப்பதும் அதைத்தான். உடம்புக்கும் கச்சுக்கும் (கம்பி வைத்துத் தைத்து, நாடாவால் இறுக்கிக் கட்டும் உடை) நடுவே அந்தத் துணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் நாத்தனார் வந்த முதல் வருடம் பார்த்தேன். வெறும் உடம்பில் கச்சைப் போட்டுக்கொண்டு வந்தாள். மத்தியானம் கழற்றியபோது, விலாவில் ஒவ்வொரு கம்பி இருந்த இடத்திலும் செக்கச்செவேலென்று ஒரு கோடு. இரண்டு இடத்தில் தோலே உரிந்திருந்தது. லினன் கிடைக்காவிட்டால் மெல்லிய பருத்தி போதும். பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் காயத் தாமதமாகும். பாலியெஸ்டர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கச்சு. இங்கே இரண்டு தவறுகள். ஒன்று, கடையில் 'கார்செட்' என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு அமைப்பு. இடுப்பை உடுக்கை மாதிரி ஒடுக்கும், முன்புறம் உலோகக் கொக்கி இருக்கும். எலிசபெத் காலக் கச்சு இடுப்பை நெருக்குவதற்காகச் செய்ததல்ல. மார்பைத் தட்டையாக்கி, மேலிருந்து கீழே கூம்பு போல ஒரே சாய்வாக நிறுத்தும். 1603ல் அரசி இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்காகச் செய்த உருவத்தின் கச்சு இன்றும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. அதன் படத்தை ஒருமுறை பாருங்கள், வித்தியாசம் உடனே புரியும்.

இன்னொன்று, ஒரே மூச்சில் இழுத்துக் கட்டுவது. முதலில் தளர்வாகக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடமாடுங்கள். உடம்புச் சூட்டில் துணி கொஞ்சம் இளகும், கம்பிகள் இடம் பிடிக்கும். அப்புறம் மெதுவாக இறுக்குங்கள். அடிவயிறு வரை மூச்சு இழுக்க முடிய வேண்டும், உட்கார முடிய வேண்டும். இரண்டு ஓரமும் முட்டிக்கொள்ளத் தேவையில்லை; நடுவே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், சாப்பிட்ட பிறகு அதன் அருமை தெரியும். தனியாக உடுத்துபவர் என்றால் முன்புறம் நாடா கோர்ப்பதை வாங்குங்கள். முதுகில் கோர்ப்பதைத் தனியாள் கட்டுவது பெரும்பாடு.

சரி, இதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: காலுறையும் செருப்பும். ஸ்மாக் போட்ட கையோடு காலுறையை ஏற்றி, முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டி, செருப்பையும் மாட்டிவிடுங்கள். கச்சைக் கட்டிய பிறகு குனிய முடியாது. செருப்பு வாரைக் கட்ட ஒருவர் தரையில் உட்கார, இன்னொருவர் காரைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி நிற்கும் காட்சியை மைதானத்தில் எல்லா வாரமும் பார்க்கலாம்.

பிறகு பாவாடை அடுக்கு. இடுப்பைச் சுற்றிப் பஞ்சு திணித்த பிறை வடிவ உருளை ஒன்றைக் கட்டுவார்கள். அதன் பெயர் பம்ரோல். பாவாடை விரிந்து நிற்பது அதனால்தான். பாவாடை நீளத்தை அது இல்லாமல் அளந்தால், கட்டியதும் விளிம்பு மேலே ஏறி, பக்கவாட்டிலும் பின்புறமும் மட்டும் குட்டையாகிவிடும். எல்லாவற்றையும் உள்ளே கட்டிக்கொண்டு, போடப்போகும் செருப்போடு நின்று அளக்க வேண்டும். விளிம்பு கணுக்காலோடு நிற்கட்டும். தரை தொடும் பாவாடை படத்தில் அழகுதான். ஆனால் அங்கே தரை மண்ணும் புல்லும், மழை பெய்தால் சேறு. சேலைக்காரர்களுக்கு இன்னொன்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்: இரண்டு மூன்று நாடாவின் முடிச்சையும் ஒரே இடத்தில் போட்டால் சாயங்காலம் அங்கே தழும்புதான். முடிச்சுகளை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

மேலுடைக்கு எல்லோரும் பளபளக்கும் செயற்கை வெல்வெட்டைத் தேடுகிறார்கள். டெக்சஸ் அக்டோபரில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். அந்தத் துணிக்குள் காற்றே போகாது. மெல்லிய கம்பளி அதைவிட எவ்வளவோ மேல் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், நானும் உடுத்திப் பார்த்துத்தான் நம்பினேன். கம்பளி ஈரத்தை வெளியே விடும். மேலுடையிலிருந்து தனியாகக் கழற்றக்கூடிய, நாடாவால் கட்டும் கைகள் அக்காலத்து வழக்கமே. மத்தியானம் கழற்றிவிடுங்கள்.

ஆண்கள் பெரும்பாலும் தொப்பியை மறக்கிறார்கள். 1571ல் இங்கிலாந்தில் ஒரு சட்டமே போட்டார்கள்: ஞாயிற்றுக்கிழமையிலும் திருநாட்களிலும் ஆறு வயதுக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் உள்நாட்டுக் கம்பளித் தொப்பி அணிய வேண்டும் என்று. பெரிய இடத்தவருக்கு விலக்கு. தலையில் ஒன்றும் இல்லாமல் டப்லெட் (உடம்போடு ஒட்டி நிற்கும் ஆண்கள் மேற்சட்டை) மட்டும் போட்டால் உடை பாதியில் நிற்கும். டப்லெட்டையும் கால்சட்டையையும் நாடாவால் இணைத்துக் கட்டும்போது, பின்பக்க நாடாக்களைத் தளர விடுங்கள். இறுக்கினால் உட்காரும்போது ஏதாவது ஒன்று கிழியும்.

வீட்டில் ஒரு நாள் முழு உடையோடு ஒத்திகை பாருங்கள். படி ஏறுங்கள், சாப்பிடுங்கள், குளியலறைக்குப் போய்ப் பாருங்கள். திருவிழாவில் இருப்பவை குறுகிய கழிப்பறைகள். பாவாடை அடுக்குகளை மொத்தமாகப் பக்கவாட்டில் அள்ளிப் பிடிக்கும் பழக்கம் முன்பே வேண்டும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; வெயிலில், கச்சோடு, அது ஆபத்து. கார் ஓட்டும்போது கச்சு தளர்வாகவே இருக்கட்டும், மைதானத்தில் இறங்கி இறுக்கிக்கொள்ளலாம். "போதும் அண்ணி, இதுக்கு மேல இழுக்காதீங்க" என்று என் நாத்தனார் இப்போது அங்கேதான் சொல்கிறாள்.

வீடு திரும்பியதும் களைப்பில் எல்லாவற்றையும் சுருட்டிப் பெட்டியில் போடாதீர்கள். ஸ்மாக்கை அன்றே ஊறப்போடுங்கள். கச்சை நாடா முழுவதும் தளர்த்தி, உட்பக்கம் வெளியே தெரிய, மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் விரித்து வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்து, அடுத்த அக்டோபரில் துணியில் பழுப்புக் கறையாக வெளியே வரும்.