கார்டில் இரண்டு கோடு, நாலே நாளில் ரத்தப்போக்கு: அப்போது செய்யக்கூடாத தவறுகள்

நாள் தள்ளிப்போய் ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும். மெடிக்கலில் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு வாங்கிப் பார்த்தால் மங்கலாக இரண்டாவது கோடு. மாமியாரிடம் சொல்லலாமா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா என்று யோசிப்பதற்குள் மாதவிலக்கு போலவே ரத்தப்போக்கு வந்துவிடுகிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. மருத்துவர்கள் இதைக் கெமிக்கல் பிரெக்னன்சி என்கிறார்கள். கரு கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டி, கார்டில் கோடு வரவைக்கும் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனும் சுரக்கத் தொடங்கி, ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வளரும் முன்பே நின்றுபோகிறது.

இது அரிதான விஷயம் இல்லை. அமெரிக்காவில் ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 221 பெண்களின் காலைச் சிறுநீரை நாள்தோறும் சோதித்து, 1988இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உண்டான 198 கர்ப்பங்களில் 22% வெளியே தெரியவருவதற்குள்ளேயே கலைந்திருந்தன. நம் பாட்டிமாருக்கும் இது நடந்திருக்கும். "இந்த மாசம் ரெண்டு நாள் தள்ளிப் போச்சு" என்பதோடு முடிந்திருக்கும். அவர்களிடம் கார்டு இல்லை, அவ்வளவுதான்.

இப்போது கார்டு இருக்கிறது. கூடவே விசாரணையும் வந்துவிடுகிறது. பப்பாளி சாப்பிட்டாயா, ஸ்கூட்டியில் போனாயா, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாயா, உடம்பு சூடா? இந்த விசாரணைதான் எனக்கு இருப்பதிலேயே மோசமான தவறாகப் படுகிறது, அதிலும் அந்தப் பெண்ணே தன்னை நிறுத்திவைத்துக் கேட்டுக்கொள்ளும்போது. ஆரம்பக் கருச்சிதைவுகளில் சுமார் பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் வரும் பிசகு. அது பெரும்பாலும் முட்டையோ விந்தணுவோ உருவாகும்போதோ, இரண்டும் சேரும் கட்டத்திலோ நடந்துவிடுவது. வில்காக்ஸ் குழு 1999இல் இன்னொன்றையும் காட்டியது: முட்டை வெளிவந்து 9 நாளுக்குள் ஒட்டிய கருக்களில் 13% மட்டுமே ஆரம்பத்தில் கலைந்தன, 11 நாளுக்குப் பிறகு ஒட்டியவற்றில் 82%. நீங்கள் பஸ்ஸில் போனதற்கும் ஆபீஸ் படி ஏறியதற்கும் இதில் இடமே இல்லை. படுத்தே கிடந்தாலும் இது நிற்காது.

அடுத்தது, கோட்டின் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது. தினமும் ஒரு கார்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ, நேற்றையதோடு ஒப்பீடு. இந்தக் கார்டுகள் பெரும்பாலும் எச்சிஜி 20-25 யூனிட்டைத் தாண்டினால் கோடு காட்டும். எவ்வளவு என்று சொல்வதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. தண்ணீர் நிறையக் குடித்திருந்தால் கோடு மங்கும். பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டிப் பார்த்தால் காய்ந்த தடமே கோடு போலத் தெரியும். குழந்தையின்மைச் சிகிச்சையில் முட்டை வெடிக்க எச்சிஜி ஊசி போட்டவர்களுக்கோ ஊசி மருந்தே சுமார் இரண்டு வாரம் வரை கார்டில் பாசிட்டிவ் காட்டலாம்.

அளவு தெரிய வேண்டுமானால் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனைதான். அதிலும் ஒரே ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 48 மணி நேரம் கழித்து, முடிந்தால் அதே லேபில், மறுபடி எடுக்க வேண்டும். முதலில் 60, பிறகு 130 என்றால் ஏறுகிறது. 60, பிறகு 22 என்றால் கர்ப்பம் கலைந்துகொண்டிருக்கிறது. இறங்கும் எண்ணை எந்த மாத்திரையும் திருப்பாது. 60, பிறகு 72 என்றால்? கவலைப்பட வேண்டியது இங்கேதான்.

ஏனென்றால் "ரத்தம் வந்தாச்சு, முடிஞ்சு போச்சு" என்று விட்டுவிடுவதுதான் உயிருக்கே ஆபத்தான தவறு. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கிவிடும். அதிலும் கார்டு பாசிட்டிவ், அதிலும் ரத்தப்போக்கு, ஆரம்பத்தில் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. எண் சரியாக ஏறாமலும் இறங்காமலும் இழுத்தடிப்பது அதன் ஓர் அடையாளம். ஆனால் எண் இறங்குவதை மட்டும் வைத்தும் அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் என்று வந்தால் வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். நடுராத்திரி என்றாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

வலி இல்லாதவர்களும் எச்சிஜி 5க்குக் கீழே வரும்வரை மருத்துவர் சொல்லும் நாளில் ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது. மூன்று வாரம் கழித்தும் கார்டு பாசிட்டிவ் காட்டினால் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். நெகட்டிவ் வகைத் தாய்மாருக்கு அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கப் போடும் ஆன்டி-டி ஊசி இவ்வளவு ஆரம்பத்தில் தேவையா என்பதில் நாட்டுக்கு நாடு வழிகாட்டுதல் மாறுகிறது. முடிவை மருத்துவர் எடுக்கட்டும்.

"உள்ளே அழுக்கு தங்கிவிடும், கிளீன் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். ஸ்கேனில் கருவைச் சுற்றிய பையே தெரியாத கட்டத்தில் டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, தேவைப்படுவதில்லை; உடம்பே வெளியேற்றிவிடும். தேவையில்லாமல் சுரண்டினால் கர்ப்பப்பைக்குள் தழும்பு விழுந்து சுவர்கள் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது.

அப்புறம் டெஸ்ட் பேக்கேஜ். ஒரே ஒரு முறை இப்படி ஆனதற்குப் பெரிய பரிசோதனைகள் பொதுவாக வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப நடந்தால், அதாவது சில வழிகாட்டுதல்களின்படி இரண்டு முறை, சிலவற்றின்படி மூன்று முறை ஆனால், தைராய்டு, ரத்தம் எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி, கர்ப்பப்பையின் அமைப்பு என்று தேடுவார்கள். நம்மூரில் வழக்கமாக எழுதப்படும் டார்ச் டெஸ்ட் (ரூபெல்லா போன்ற சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை), தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் கண்டுபிடிக்க உதவாது என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. ஐந்தாயிரம் மிச்சம் என்பதைவிட, தேவையில்லாத பயம் மிச்சம்.

மறுபடி முயல ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வதும் பழைய வழக்கம்தான். எச்சிஜி இறங்கிவிட்டது என்று தெரிந்து மனமும் தயாராக இருந்தால், இவ்வளவு ஆரம்ப இழப்புக்குப் பிறகு தள்ளிப்போட மருத்துவக் காரணம் பொதுவாக இல்லை. ஒரு மாதவிலக்கு வரட்டும் என்று மருத்துவர்கள் சொல்வது அடுத்த கர்ப்பத்தின் நாள் கணக்கு குழம்பாமல் இருக்கத்தான். இரண்டு வாரத்திலேயே முட்டை வெளிவரலாம் என்பதால், இப்போதைக்கு வேண்டாம் என்பவர்கள் உடனே பாதுகாப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். முயல்பவர்கள் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டை நிறுத்த வேண்டாம்.

"இதெல்லாம் ஒரு கர்ப்பமா" என்று சொந்தக்காரர்கள் சொல்லலாம். அதைக் கேட்டுக்கொண்டு மருத்துவரிடமும் சொல்லாமல் விடாதீர்கள். அடுத்த முறை "முன்னாடி ஏதாவது கலைஞ்சிருக்கா?" என்று கேட்கும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டு பீட்டா எச்சிஜி ரிப்போர்ட்டையும் தேதியோடு ஃபைலில் வைத்திருந்தால் போதும்.