சுட்ட மானைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி: விஸ்கான்சினில் முதல் முறை வேட்டைக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் சீசன் ஒன்பதே நாள்தான். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும். லைசென்ஸ் எடுப்பது, ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு (1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குக் கட்டாயம்), இடுப்புக்கு மேல் பாதிக்காவது பளிச்சென்ற ஆரஞ்சு உடுத்துவது, நூறு கஜத்தில் துப்பாக்கியைச் சரிபார்ப்பது, இதையெல்லாம் நான் இங்கே சொல்லப்போவதில்லை. வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். ஆரஞ்சுக்குப் பதில் பளிச் ரோஸ் நிறமும் போடலாம் என்று 2016இல் சட்டம் வந்தது. மான் கண்ணுக்கு இரண்டுமே மங்கல்தான்.

நான் எழுதுவது துப்பாக்கி வெடித்த பிறகு என்ன செய்வது என்று. காரணம், என் முதல் சீசனில் சுட்ட மான் எனக்குக் கிடைக்கவில்லை.

எண்பது கஜ தூரத்தில் ஒரு பிணை வந்து நின்றது. (தமிழில் ஆண் மான் கலை, பெண் மான் பிணை. இங்கே பக், டோ என்று சொல்லிச் சொல்லி எனக்கே மறந்துபோன சொற்கள்.) சுட்டேன். மான் முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்று வலிக்காரர் மாதிரி மெதுவாக நடந்து புதருக்குள் போனது. கை நடுங்க, பத்தே நிமிடத்தில் மரத்திலிருந்து இறங்கிப் பின்னாலேயே போனேன். நூற்றைம்பது அடி போயிருப்பேன், புல்லுக்குள் படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. இருட்டும்வரை தேடினேன். நவம்பர் கடைசியில் இங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மறுநாள் காலை சதுப்பு ஓரத்தில் கிடந்தது. இரவில் கொயோட்டி நரிகள் முக்கால்வாசி தின்றுவிட்டிருந்தன. என்னை அழைத்துப்போயிருந்த பக்கத்துப் பண்ணைத் தாத்தா திட்டவில்லை. "எத்தனை நிமிடம் காத்திருந்தாய்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

1. இறங்காதீர்கள், பாருங்கள்

வெடித்தவுடன் அடுத்த குண்டை ஏற்றிக்கொண்டு மானையே பாருங்கள். பின்னங்காலை உதறிவிட்டுத் தலைதெறிக்க ஓடினால் பெரும்பாலும் நெஞ்சில் பட்டிருக்கும், நூறு கஜத்துக்குள் விழுந்துவிடும். என் மான் மாதிரி கூனிக்கொண்டு நடந்தால் குடலில் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மறைந்த பிறகும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சருகில் தடாலென்று விழும் சத்தம் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

2. போட்டோ எடுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பதினைந்தடி உயரத்தில் மரத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது "அந்த வளைந்த பிர்ச் மரத்துக்கு இடப்பக்கம்" என்று தெளிவாகத் தெரியும். கீழே இறங்கியதும் எல்லா மரமும் வளைந்த பிர்ச் மரம்தான். ஆகவே இறங்குவதற்கு முன்பே, உட்கார்ந்த இடத்திலிருந்தே மொபைலில் இரண்டு படம் எடுங்கள். மான் நின்ற இடம் ஒன்று, கடைசியாக மறைந்த இடம் ஒன்று. கீழே போய் முழிக்கும்போது அந்தப் படம்தான் வழிகாட்டும்.

3. காத்திருங்கள்

கஷ்டமான கட்டம் இதுதான். கடிகாரத்தைப் பாருங்கள், மனத்தை நம்பாதீர்கள். ஐந்து நிமிடம் ஆனதும் அரை மணி ஆகிவிட்டதாகத் தோன்றும்.

விழுந்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் தவிர, குண்டு எங்கே பட்டிருந்தாலும் அரை மணி நேரம் அசையக் கூடாது. அப்புறம் சத்தமில்லாமல் இறங்கிப் போய், மான் நின்ற இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவெடுங்கள். ஈரலில் பட்டிருந்தால் நாலு மணி நேரம். குடலில் பட்டிருந்தால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். இவ்வளவு ஏன் என்றால், அடிபட்ட மான் யாரும் துரத்தாவிட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும், படுத்த இடத்திலேயே உயிர் போகும். எழுப்பிவிட்டால் உயிர் இருக்கும்வரை நடக்கும், இரத்தமும் சிந்தாது. நான் செய்தது அதைத்தான்.

மழையோ பனியோ வந்தால் தடம் அழிந்துவிடுமே என்று கேட்பீர்கள். ஆமாம், அழியும். ஆனாலும் குடலில் பட்ட மானைத் துரத்துவதைவிட, தடமில்லாமல் தேடுவது மேல் என்பது என் கட்சி. தடம் போனாலும் மான் இரு நூறு கஜத்துக்குள் இருக்கும். எழுப்பிவிட்டால் அடுத்த கவுன்டியில்தான். வெயில் நாளில் இறைச்சி கெடும் என்பது உண்மை. வில் வேட்டைக்காரர்களுக்குச் செப்டம்பரில் அந்தத் தலைவலி உண்டு. நவம்பரில் இரவே ஃப்ரிட்ஜ் மாதிரிதான்.

4. தரை என்ன சொல்கிறது

மான் நின்ற இடத்தில் இரத்தம் இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக இருந்தால் குண்டு பட்டது நுரையீரல். நிம்மதியாகப் போங்கள். கருஞ்சிவப்பாக, நுரையே இல்லாமல் இருந்தால் ஈரல். பச்சையோ பழுப்போ கலந்து, அரைபட்ட தழையோடு, மூக்கருகே கொண்டுபோனால் குடல் கழுவும் நாற்றம் வந்தால் சந்தேகமே வேண்டாம், திரும்பிப் போய்க் காபி குடியுங்கள். இரத்தம் இல்லாவிட்டால் முடியைத் தேடுங்கள். வெள்ளை முடி என்றால் பெரும்பாலும் வயிற்றுப் பக்கம்.

5. தடத்தின் பக்கத்தில் நடங்கள்

தடத்தின் மேலே நடந்தால் நீங்களே அழித்துவிடுவீர்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு துண்டு டாய்லெட் பேப்பரைப் புல்லில் செருகுங்கள். பலரும் ஆரஞ்சு பிளாஸ்டிக் நாடா கட்டுகிறார்கள், எனக்குப் பிடிக்காது. யாரும் திரும்பப் போய் அவிழ்ப்பதில்லை, பேப்பராவது மழையில் கரையும். பத்துச் செருகியதும் திரும்பிப் பாருங்கள், போகும் திசை கோடு போட்டதுபோலத் தெரியும். தரையை மட்டும் பார்க்காதீர்கள். முழங்கால் உயரப் புல்லிலும் மரப்பட்டையிலும் உரசிய இரத்தம் இருக்கும். தடம் அறுந்தால் கடைசிச் சொட்டில் ஒருவரை நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பெரிதாக்கித் தேடுங்கள்.

வேலி வந்தால் நில்லுங்கள். சுட்டது உங்கள் மான்தான் என்றாலும், அடுத்தவர் நிலத்துக்குள் போக அவர் அனுமதி வேண்டும். சீசனுக்கு முன்பே பக்கத்து நிலக்காரர்களின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

6. மானை நெருங்கும்போது

முதுகுப் பக்கமாகப் போங்கள். நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். செத்த மானின் கண் திறந்தே இருக்கும். மூடியிருந்தால் பின்வாங்குங்கள்.

7. குடல் எடுப்பது

ஆட்டை உரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகியதுதான், அதனால் சுருக்கமாக. ஆசனவாயைச் சுற்றி வட்டமாக வெட்டி விடுவியுங்கள். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, கத்தியின் கூரை மேல்நோக்கி வைத்துக் கீறுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள சவ்வை விலா ஓரமாக அறுத்து, கையை உள்ளே விட்டு மூச்சுக்குழலை வெட்டி இழுத்தால் எல்லாம் மொத்தமாக வந்துவிடும். கோழி, ஆடு பழக்கத்தில் பித்தப்பை உடைந்துவிடுமோ என்று நான் ஈரல் பக்கம் தடவித் தடவித் தேடினேன். மானுக்குப் பித்தப்பையே கிடையாது! பயப்பட வேண்டியது மூத்திரப்பைக்குத்தான். அந்தப் பையின் கழுத்தை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வெட்டுங்கள்.

கத்தி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நாலு அங்குலத்துக்கு மேல் நீளம் வேண்டாம். பிளேடு மாற்றும் கத்தி பயங்கரக் கூர்மைதான், ஆனால் என்னுடையது ஒருமுறை வயிற்றுக்குள்ளேயே ஒடிந்து, அந்தத் துண்டைத் தேடி எடுக்க அரை மணி ஆனது. இப்போது சாதாரண ஸ்வீடன் மோரா கத்திதான். விலையும் மலிவு. குண்டும் ஈயத்திலிருந்து செம்புக்கு மாறிவிட்டேன். ஈயம் சிதறித் துகள்களாக இறைச்சியில் கலக்கும், எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது.

8. பதிவும் பரிசோதனையும்

மான் கைக்கு வந்த மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் தலையை சிடபிள்யூடி (Chronic Wasting Disease) பரிசோதனைக்குக் கொடுங்கள். மானின் மூளையைத் தாக்கும் இந்த நோய் விஸ்கான்சினில் 2002இல் முதலில் தெரியவந்தது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் நோய் உறுதியான மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்கிறது. எவ்வளவு வேகவைத்தாலும் அந்தக் கிருமிப் புரதம் அழியாது. பரிசோதனை இலவசம். முடிவு வரும்வரை இறைச்சி ஃப்ரீசரில் தனியாக, பெயர் எழுதி இருக்கட்டும்.

பின்சேர்க்கை 1: சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஒரு வாசகர், "சருகில் இரத்தமே தெரியவில்லை, நான் என்ன செய்வது?" என்று கேட்டிருந்தார். எனக்குத் தோன்றாத சிக்கல் இது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்துப் போய்ச் சந்தேகப்பட்ட புள்ளியில் தெளியுங்கள். இரத்தம் என்றால் வெள்ளையாக நுரைக்கும். எனக்குக் கண் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மேப்பிள் இலையின் சிவப்புப் புள்ளிகளிடம் ஏமாந்து ஏமாந்து இப்போது நானும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன்.

பின்சேர்க்கை 2: ஃபெசன்ட், கிரவுஸ் பறவைகளுக்கும் இதே முறையா என்றால், காத்திருப்பது மட்டும் நேர் எதிர். இறக்கையில் பட்ட ஃபெசன்ட் தரையில் மனிதனைவிட வேகமாக ஓடும். விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேராகப் போங்கள், இரண்டாவது பறவை எழும்பினாலும் திரும்பாதீர்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் தொப்பியைப் போட்டுவிட்டுச் சுற்றித் தேடுங்கள். நாய் இருந்தால் இந்தப் பத்தியே தேவையில்லை.

பின்சேர்க்கை 3: திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி, "நம்மூரில் எங்கே அண்ணா லைசென்ஸ் தருவார்கள்?" என்று கேட்டிருக்கிறார். எங்கேயும் தரமாட்டார்கள் தம்பி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் மான் வேட்டை குற்றம், சிறைதான். அங்கே ஆடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையல் தனியாக எழுதுகிறேன். அதற்குள் சமைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ஆட்டுக் கொழுப்பு மாதிரி மான் கொழுப்பை விட்டுவைக்காதீர்கள். மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். வெள்ளையாகத் தெரிவதையெல்லாம் சீவி எறிந்துவிட்டு, நல்லெண்ணெயில் மிளகுக்கறியாகப் போடுங்கள்.