மீன் அறை போடும்போது செய்யக் கூடாதவை

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் வண்ண மீன் சந்தைப் பக்கம் போனால், வீட்டில் கீழ் அறையைக் காலி செய்து ரேக் அடித்து மீன் உற்பத்தி பண்ணப் போகிறேன் என்கிற யாராவது ஒருவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. நல்ல விஷயம்தான். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தப்புகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். குளோரின் தண்ணீர், அதிகத் தீனி இதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார், அதை விடுங்கள்.

எல்லாத் தொட்டிக்கும் ஒரே சம்ப்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். வெளிநாட்டு வீடியோக்களில் பேஸ்மென்ட் முழுக்கத் தொட்டி, கீழே ஒரு பெரிய சம்ப், எல்லாத் தண்ணீரும் அங்கே இறங்கி வடிகட்டி மேலே ஏறும். வேலை குறைவு என்று நம்மவர்களும் அப்படியே போட்டுவிடுகிறார்கள்.

தெரிந்த தம்பி ஒருவர் அப்படித்தான் போட்டார். ஏஞ்சல் மீன் ஜோடிகள் முட்டையிட ஆரம்பித்த நேரம் பார்த்து, ஒரு கவர் மோலி மீன் வாங்கி வந்து மேல்தட்டுத் தொட்டியில் விட்டார். மோலியின் வாலில் உப்புத் தூள் ஒட்டினாற்போல இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளி. அந்தத் தொட்டியில் மட்டும் மருந்து விட்டார், ஆனால் அது அங்கேயா நிற்கும்? சம்ப் வழியே எல்லாத் தொட்டிக்கும் பிரிந்து, எதிலும் வேலை செய்யாத அளவுக்கு நீர்த்துப் போனது. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முற்றியதும் உதிர்ந்து, அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து, நீந்திப் போய் அடுத்த மீனைப் பிடிக்கும். மருந்துக்குச் சாவது அந்த நீந்துகிற கட்டத்தில்தான். புள்ளி மறைந்தது என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். கடைசியில் குஞ்சுகளோடு தாய் மீன்களும் போயின. ஜோடி சேர்ந்த ஏஞ்சலைத் திரும்பத் தயார் பண்ண எத்தனை மாதம் ஆகும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

நோயே வராவிட்டாலும் ஒரே சம்ப் என்றால் ஒரே தண்ணீர். மோலிக்குக் கடினத் தண்ணீர் வேண்டும், டிஸ்கஸ் மீன் முட்டை பொரிய மென்மையான தண்ணீர் வேண்டும். இரண்டையும் எப்படி ஒரே குழாயில் கொடுப்பீர்கள்?

அதனால் காற்றை மட்டும் பொதுவாக வையுங்கள். ஒரு ஏர் புளோயர், சுவரோரமாக பிவிசி குழாய், தொட்டிக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், போதும். புது மீன் ஒரு மாதம் அறைக்கு வெளியேதான் இருக்க வேண்டும், அதற்கு வலையும் தனி, தண்ணீர் மாற்றும் டியூபும் தனி.

ஏர் பம்ப் வைக்கும் இடம்

தண்ணீர் மட்டத்துக்கு மேலே. முடியாவிட்டால், கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியே பம்புக்குள் இறங்காமல் தடுக்கும் செக் வால்வு.

ஆர்சிசிபி

மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கிற சுவிட்ச் இது. போட்டே ஆக வேண்டும்.

எடை

90 x 45 x 45 செ.மீ. தொட்டியில் தண்ணீர் மட்டுமே 180 கிலோ. மூன்று தட்டு ரேக்கை மாடி அறையில் நிறுத்துமுன் இன்ஜினியரைக் கேளுங்கள்.

குஞ்சுத் தீனி

குஞ்சு நீந்த ஆரம்பித்த பிறகு தீனிக்கு அலையாதீர்கள். ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் வகையின் முட்டை பொரியவே ஒரு நாள் ஆகிவிடும், இன்ஃபுசோரியா என்கிற நுண்ணுயிர்த் தீனி தயாராக அதைவிட அதிகம். ஃபைட்டர் மீன் ஜோடியைச் சேர்த்து விடுகிற அன்றைக்கே இன்ஃபுசோரியா ஜாடியையும் போட்டுவிடுங்கள்.