நரமாமிசம் பற்றிய பழைய ஐரோப்பியக் குறிப்புகளைப் படிப்பது எப்படி?

அமெரிக்கப் பூர்வகுடிகள் மனிதரைத் தின்றார்கள் என்று கூறும் 15, 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் குறிப்பு ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அது மெய்யா பொய்யா என்று எடுத்த எடுப்பிலேயே முடிவுகட்ட வேண்டாம். எழுதியவர் அதைக் கண்ணால் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, கேட்ட மொழி அவருக்கு விளங்கியதா என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

கொலம்பஸின் நாட்குறிப்பிலிருந்து தொடங்குவது நல்லது. அதன் மூலப்படி தொலைந்துவிட்டது. லாஸ் காசாஸ் என்ற பாதிரியார் எடுத்தெழுதிய சுருக்கமே எஞ்சியிருப்பதால், அதில் இருவர் குரல் கலந்திருப்பதை மறக்கலாகாது. 1492 நவம்பர் 23ஆம் நாள் பதிவை நிதானமாகப் படியுங்கள். கப்பலில் இருந்த தீவுவாசிகள் ‘கனிபாலெஸ்’ என்போரை நினைத்து நடுங்குகிறார்கள்; அவர்கள் மனிதரைத் தின்பவர்கள் என்கிறார்கள். கொலம்பஸ் அதை அப்படியே நம்பவில்லை. பிடித்துச் செல்லப்பட்டவர்கள் ஊர் திரும்பாததால் தின்றுவிட்டதாகச் சொல்கிறார்கள் போலும் என்று கருதுகிறார். கிறிஸ்தவர்களை முதன்முதலில் கண்டபோது அவர்களைப் பற்றியும் தீவுவாசிகள் சிலர் இவ்வாறே எண்ணினார்கள் என்ற வரியும் அங்கே இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே இப்பதிவை மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்பேன். உடன் சென்ற மொழிபெயர்ப்பாளர் லூயிஸ் தே டோரஸ் எபிரேயமும் அரபும் அறிந்தவர். தீவுவாசிகள் பேசிய தைனோ மொழி அவருக்குத் தெரியாது.

அடுத்து, அந்தப் பழியால் ஆதாயம் அடைந்தவர் யார் என்று தேடுங்கள். மனிதரைத் தின்பவர்கள் எனப்பட்டோர் எதிர்த்து நின்றால் அவர்களைப் பிடித்து அடிமைகளாக விற்கலாம் என்று 1503இல் ஸ்பெயின் அரசி இசபெல்லா அனுமதி அளித்தார். அதன்பின் ஒரு தீவினருக்கு, மனிதரைத் தின்பவர் எனப்பட்டோரைக் குறித்த ‘கரீப்’ என்ற பெயரைச் சூட்டுவதே அவர்களைச் சந்தைக்குக் கொண்டுவரும் வழியாயிற்று. ஆகவே, 1503க்குப் பிந்தைய கரீபியக் குறிப்புகளை இரட்டிப்பு எச்சரிக்கையோடு அணுகுங்கள்.

இதனால் எல்லாமே கட்டுக்கதை என்று ஆகிவிடாது. 1979இல் மானிடவியலாளர் வில்லியம் அரென்ஸ் இத்தகைய சான்றுகளைப் பொதுவாகவே ஐயுற்றார். எனினும் பிரேசிலின் துப்பினம்பா மக்களைப் பொறுத்தவரை, ஆய்வாளர் பலர் சாட்சிகளை ஏற்கிறார்கள். அவர்களிடம் பல மாதங்கள் சிறைப்பட்டிருந்த ஜெர்மானியர் ஹான்ஸ் ஸ்டாடனின் நூல் 1557இலும், அவர்களோடு பழகிய பிரெஞ்சுக்காரர் ழான் தே லெரியின் நூல் 1578இலும் வெளிவந்தன. போரில் பிடிபட்ட பகைவனைப் பழிவாங்கும் சடங்காகவே இருவரும் இதை விளக்குகிறார்கள். பசிக்காக உண்டதாகச் சொல்லவில்லை.

படங்களைத் தனியே ஆராயுங்கள். ஸ்டாடன் நூலின் மரச்செதுக்குப் படங்களில், தாடியோடு நிற்கும் அவரை அடையாளம் காட்ட அவருடைய பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை 1592இல் செப்புத்தகட்டில் புதிதாக வரைந்து வெளியிட்ட தியடோர் தே பிரை அமெரிக்காவுக்குச் சென்றதே இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பிற்காலப் படத்தின் உடல்கள் கிரேக்கச் சிலைகளின் வார்ப்பில் திரண்டிருப்பது புலப்படும். பாடநூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவது இந்த இரண்டாவது படமே.

லெரியின் நூலில் சடங்கை வருணிக்கும் பகுதியோடு நிறுத்திவிடாமல், அந்த அத்தியாயத்தின் இறுதிவரை படியுங்கள். 1572இல் பிரான்சில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட படுகொலையின்போது அந்நாட்டின் லியோன் நகரில், கொல்லப்பட்டவர்களின் கொழுப்பு அதிக விலை கேட்டவருக்கு வெளிப்படையாக விற்கப்பட்டதை, துப்பினம்பாக்களைப் பற்றிய அதே அத்தியாயத்தில் அவர் எழுதியிருக்கிறார்.